மயக்கத்தில் கிடப்பவருக்காகப் பேசுவது யார்?

மருத்துவ அறம் சார்ந்த சிக்கல்களில் சட்டத்துக்கு இடமே கூடாது என்று சென்ற இதழில் மூத்த மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கும் கட்டுரை, நல்ல தமிழில் எழுதப்பட்ட மிக மோசமான வாதம். நடையில் குறையில்லை. நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு கட்டிலருகே நிற்கும் மருத்துவரின் சித்திரம் படிப்பவர் நெஞ்சைத் தொடும்படித்தான் தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சித்திரத்தில் மருத்துவர் பேசுகிறார், மகன் பேசுகிறான், மருமகன் பேசுகிறான். கட்டிலில் கிடப்பவர் மட்டும் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அவர் ஏன் பேசவில்லை என்ற கேள்வி கட்டுரையாளருக்கு ஒருமுறைகூட எழவில்லை. எழுந்திருந்தால் அந்தக் கட்டுரையே எழுதப்பட்டிருக்காது.

உயிர்காக்கும் கருவியை எப்போது நிறுத்துவது, யாருடைய உறுப்பை யாருக்குப் பொருத்துவது, நோயாளியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பவையெல்லாம் மருத்துவரும் குடும்பமும் கலந்து எடுக்க வேண்டிய முடிவுகளாம்; நீதிமன்றம் உள்ளே வந்தால் கருணை வெளியேறிவிடுமாம். இந்த அடித்தளத்தின் மீது அவர் அடுக்கும் கற்கள் ஒவ்வொன்றும் தொட்டதும் பெயர்கின்றன.

வள்ளுவரிலிருந்தே தொடங்குகிறார். ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது, அவற்றில் நீதிபதி இல்லை என்கிறார். இல்லைதான். முன்பணம் கட்டச் சொல்லும் கவுன்ட்டரும் அந்த நான்கில் இல்லை, காப்பீட்டு நிறுவனமும் இல்லை, ஆள்பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் தரகரும் இல்லை. இத்தனை பேரும் நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நின்றபோதெல்லாம் நினைவுக்கு வராத வள்ளுவர், சட்டம் வாசலில் தலைகாட்டியதும் மட்டும் ஏன் கூப்பிடப்படுகிறார்? அந்த நான்கில் நோயுற்றவரை முதலில் வைத்தவர் வள்ளுவர். கட்டுரையாளரோ அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, குறளில் இல்லாத ‘குடும்பம்’ என்ற ஐந்தாவது கூற்றைத் தாமே சேர்த்து, அதற்கு வள்ளுவரிடமே ஒப்புதலும் வாங்கப் பார்க்கிறார். செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அதே நூலில் தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. அதிகாரம் உள்ளவன் கையில் அது இல்லாதவன் சிக்கும்போது முறை என்ற ஒன்று வேண்டும் என்று அறிந்தவரைத்தான் இவர் தம் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கிறார்.

போகட்டும், குடும்பத்துக்கே வருவோம். நோயாளியின் தன்னுரிமை என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு, நம் மண்ணில் முடிவெடுப்பது குடும்பம்தான் என்று எழுதுகிறார். இதைச் சொல்கிறவருக்கு 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கே அது பாடம். நாற்பத்து நான்கு வயதுப் பெண், மணமாகாதவர், விடாத உதிரப்போக்குக்காக டெல்லியில் ஒரு மருத்துவரிடம் போகிறார். லேப்பராஸ்கோப்பி என்ற சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறார். மயக்க மருந்து கொடுத்துச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயிடம் இன்னொரு கையெழுத்து வாங்குகிறார். அந்தக் கையெழுத்தின் பேரில் மகளின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்படுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. மயக்கம் தெளியக் காத்திருந்து அந்தப் பெண்ணையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கட்டுரையாளர் போற்றும் ஏற்பாடு இம்மி பிசகாமல் இங்கே நிறைவேறியிருக்கிறது. மருத்துவர் நன்மை என்று நினைத்ததைச் செய்தார், குடும்பம் ஒப்புக்கொண்டது, நடுவில் எந்த நீதிபதியும் குறுக்கே வரவில்லை. விளைவு, கண்விழித்த பெண்ணுக்குத் தன் உடலிலிருந்து எது போயிற்று என்பதே பிறர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. வயதுவந்த, அறிவுத்தெளிவுள்ள ஒருவர் சற்றுநேரம் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருடைய சம்மதத்தைத் தாய் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், நோயாளிக்கு எவ்வளவு தகவல் சொல்ல வேண்டும் என்பதில் அமெரிக்க அளவுகோலை ஒதுக்கி, மருத்துவர்களுக்குச் சாதகமான அளவுகோலையே எடுத்துக்கொண்டது. இழப்பீடாக வெறும் 25,000 ரூபாய் விதித்தது. இந்த இரண்டுக்காகவும் நீதிமன்றத்தை நான் குறைகூறுவேன். ஆனால் அது ஒரு கோட்டைக் கிழித்தது. அதற்கு முன் அந்தக் கோட்டை எந்த மருத்துவர் கிழித்தார், எந்தக் குடும்பம் கிழித்தது?

இந்த இடத்தில் கட்டுரையாளர் சங்க காலத்துக்கு ஓடுகிறார். வடக்கிருத்தல் நம் மரபு, உயிர்விட நீதிமன்ற அனுமதி கேட்ட தமிழன் உண்டா என்று முழங்குகிறார். கோப்பெருஞ்சோழனை அவர் பெயர் சொல்லி அழைத்திருப்பதால் சொல்கிறேன்: கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது தன் முடிவால். பெற்ற பிள்ளைகளோடு பகை மூண்டு, அவர்கள் மீதே போருக்குப் புறப்பட்டுப் பின் நின்றவன் அவன். உண்ணாமல் உயிர்விட அந்தப் பிள்ளைகளிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கவில்லை. அவனோடு வடக்கிருந்த நண்பர் பிசிராந்தையாரை யாரும் கொண்டுபோய் உட்கார வைக்கவுமில்லை. தன் உயிரைப் பற்றித் தானே எடுக்கும் முடிவு என்பதற்கு நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? மூன்றாம் பத்தியில் மேற்கத்திய இறக்குமதி என்று தூக்கி எறிந்த அதே தன்னுரிமையை ஏழாம் பத்தியில் தமிழ் மரபு என்று மாலை போட்டு வரவேற்கிறார். தாம் எழுதியதைத் தாமே திரும்பப் படிக்காதவர், நோயாளி எழுதிவைத்ததைப் படிப்பார் என்று நம்பச் சொல்கிறார்.

குடும்பம் முடிவெடுக்கும் மரபு ஒன்று நம்மிடம் உண்மையிலேயே இருக்கிறது. கட்டுரையாளர் அதன் பெயரைச் சொல்லத் துணியவில்லை, நான் சொல்கிறேன்: தலைக்கூத்தல். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்து, இளநீர் புகட்டி, ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும் வழக்கம். அங்கே நீதிபதி இல்லை, குழு இல்லை, கோப்பு இல்லை. உறவினர் கூடுகிறார்கள், கருணை என்றுதான் அதற்கும் பெயர் சொல்கிறார்கள். கஞ்சிக்கும் வழியில்லாத வீடு, பார்த்துக்கொள்ள ஆளில்லாத வறுமை, சில இடங்களில் சொத்து. இவை அந்தக் கருணைக்குள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று யார் அளந்து சொல்வது? கிழவியிடம் கேட்டார்களா? குடும்பத்தைத் தெய்வமாக்கிச் சட்டத்தைப் பேயாக்கும் எவரும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மருத்துவத் துறையின் உள்ளிருக்கும் அறமே போதும் என்ற வாதத்துக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. மனிதர் மீதான சோதனைகளுக்குச் சம்மதம் கட்டாயம் என்று சொல்லும் வழிகாட்டு நெறிகள் ஜெர்மனியில் 1931-லேயே இருந்தன. அந்த நெறிகளின் நிழலில் வளர்ந்த மருத்துவர்கள்தாம் பிறகு வதைமுகாம்களில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். நியூரம்பெர்க்கில் 23 பேர் விசாரிக்கப்பட்டு 1947-இல் ஏழு பேருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது; இன்று உலகெங்கும் ஆராய்ச்சி அறத்தின் முதல் வாசகமாக ஓதப்படும் ‘தானாக முன்வந்து தரும் சம்மதம்’ அந்தத் தீர்ப்புக்குள்தான் உறுதியான வடிவம் பெற்றது. எழுதியது நீதிமன்றம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னை வில்லிவாக்கத்துக்கு வாருங்கள். ‘கிட்னிவாக்கம்’ என்று ஊர் பேர் வாங்கிய காலத்தில் உறுப்பு வணிகத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் நாட்டில் கிடையாது. மருத்துவர்களின் உறுதிமொழி இருந்தது, மருத்துவ மன்றத்தின் நன்னடத்தை விதிகள் இருந்தன, குடும்பங்களும் இருந்தன. கடன்காரனும் இருந்தான். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துச் செய்த ஆய்வு ஒன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். விற்ற பிறகு அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள். குடும்பம் கூடி முடிவெடுத்தால் கத்தி யார் வயிற்றில் இறங்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியாது. அந்தக் கத்திகளைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை என்பதைக் கட்டுரையாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் வணிகம் நிற்கவில்லையே என்பார். நிற்கவில்லை. அன்பின் பேரில் உறவினரல்லாதவரும் தரலாம் என்று சட்டம் திறந்துவைத்த சந்தில் தரகர்கள் நுழைந்தார்கள். முன்பின் பார்த்திராத பணக்காரர் மீது விசைத்தறிக் கூலிக்குத் திடீரென அன்பு பொங்கியதாக எழுதிய பிரமாணப் பத்திரங்களில் ஒப்புதல் முத்திரை விழுந்தது. அந்த முத்திரையைக் குத்திய குழுக்களில் மருத்துவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியே கைமாறியதாகப் புகார் வெடித்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. சட்டம் தோற்ற இடங்களையெல்லாம் எண்ணிக் காட்டுகிறவர், தோற்கடித்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எண்ணட்டும். வேலியை ஆடு தாண்டிவிட்டது என்பதற்காக வேலியைப் பிடுங்கி எறியச் சொல்பவன், ஒன்று விவசாயம் அறியாதவன், அல்லது ஆட்டுக்குச் சொந்தக்காரன்.

அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தை அவர் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. மூளைச்சாவை மரணமாக ஏற்று, அதை அறிவிக்க நான்கு மருத்துவர்கள் வேண்டும், ஆறு மணிநேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும், உறுப்பைப் பொருத்தப்போகும் அணியைச் சேர்ந்தவர் அதில் இருக்கக் கூடாது என்று சொல்வது அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அது இல்லாவிட்டால் துடிக்கும் இதயத்தை ஓர் உடலிலிருந்து எடுக்கும் மருத்துவருக்கு என்ன பெயர்? கொலைகாரர். 2008-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைகளைத் தொடர்ந்து இந்த மாநிலம் உறுப்புக்கொடையில் நாட்டுக்கு முன்னோடியானதே, அந்தப் பெருமை நின்றது சட்டம் கட்டிக்கொடுத்த மேடைமீது. சாவு எது என்று ஊருக்குப் பொதுவாக வரையறுக்க ஒரு மருத்துவரின் மனச்சாட்சிக்கு, அது எவ்வளவு தூயதாக இருந்தாலும், அதிகாரம் கிடையாது.

அடுத்து அருணா ஷான்பாக். கட்டுரையின் உச்சக்கட்டமே அவர்தான். 1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஊழியன் ஒருவனால் நாய்ச்சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டுத் தாக்கப்பட்ட செவிலியர். நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேல் நினைவு திரும்பாமல் கிடந்து 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவரைப் போகவிடாமல் தடுத்தது, சட்டத்தின் கொடூரத்துக்கு இதுவே சாட்சி என்கிறார். தீர்ப்பைப் படித்தாரா? அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கூடாது என்று உறுதியாக நின்றவர்கள் யார்? கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரும் மருத்துவரும். படுக்கைப்புண் வராமல் அத்தனை ஆண்டு அவரைத் தாங்கியவர்கள். மனுப் போட்ட எழுத்தாளர் பிங்கி விரானியைவிட, அருகிருந்து காத்த இவர்களே அருணாவின் சார்பில் பேசத் தக்கவர்கள் என்று சொல்லி அவர்கள் விருப்பப்படியே நீதிமன்றம் நடந்துகொண்டது. அதாவது கட்டிலருகே நிற்பவர்களின் சொல்லைக் கேளுங்கள் என்று இவர் இன்று கேட்பதை 2011-இல் நீதிமன்றம் செய்துவிட்டது. செய்ததற்காகவே அதைக் கொடூரம் என்கிறார். எதைத்தான் வேண்டுகிறார்?

அந்த வழக்கில் கேட்க முடியாமல் போன குரல் அருணாவுடையது. தாக்கப்படுவதற்கு முன் அவர் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை, எழுதிவைத்திருந்தாலும் அன்று அதற்கு மதிப்பில்லை. அந்தக் குறையைத்தான் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு நிரப்பியது: நினைவு தவறும் நிலை வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம், அது செல்லும். நடைமுறை கடினமாக இருந்தது, மறுக்கவில்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் குழு, மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து பார்ப்பது என்று நோயாளி இறந்தபின்னும் முடியாத வழிமுறை. கட்டுரையாளர் இங்கே நிறுத்திக்கொண்டு வெற்றிக்கொடி நாட்டுகிறார். கதை அங்கே நிற்கவில்லை. தீவிர சிகிச்சை மருத்துவர்களின் தேசியச் சங்கமே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், இதை எளிதாக்கித் தாருங்கள் என்று கேட்டது. 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது: மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி, மருத்துவமனையே அமைக்கும் முதல்நிலைக் குழு, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு. சட்டம் வேண்டாம் என்று அந்த மருத்துவர்கள் கேட்கவில்லை. நல்ல சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். இறந்துகொண்டிருப்பவர்களை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள். சட்டத்தின் காப்பு இல்லாதபோது என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். “இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல, வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க” என்று மருத்துவர் கைவிரிப்பார். மருத்துவ ஆலோசனையை மீறிக் கூட்டிப்போவதாக மகன் கையெழுத்துப் போடுவான். வென்டிலேட்டர் கழற்றப்பட்டு, செயற்கை மூச்சுக்கான ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஊர் போய்ச் சேர்வார்கள். வலிக்கு மருந்தில்லாமல் மூச்சுத் திணறி அந்த உயிர் போகும். முடிவெடுத்தது மருத்துவர், பழி மகன் தலையில், காரணம் பெரும்பாலும் கட்டி மாளாத பில். கட்டுரையாளர் கனிவு என்று எழுதியிருப்பது நடைமுறையில் இந்தக் காகிதம்தான்.

சட்டம் மருத்துவர்களை அச்சுறுத்துகிறது என்ற புலம்பலுக்கும் வரலாறு இருக்கிறது. விபத்தில் அடிபட்டுக் கிடந்தவரைப் போலீஸ் கேஸ் என்று சொல்லி மருத்துவமனை திருப்பி அனுப்பியதால் உயிர் போனதே, அந்த வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? முதலில் உயிரைக் காப்பாற்று, மற்ற நடைமுறையெல்லாம் பிறகு. 2005-இல், கண்மூடித்தனமான பெருங்கவனக்குறைவு இல்லாமல் மருத்துவர் மீது குற்றவழக்குப் பாய முடியாது என்று அதே நீதிமன்றம் காப்பரண் கட்டித்தந்தது. 2008-இல் தமிழ்நாடு சட்டமன்றம் மருத்துவமனைகள் மீதும் மருத்துவர்கள் மீதும் நடக்கும் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2024-இல் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபின் நாடெங்கும் மருத்துவர்கள் தெருவுக்கு வந்து மத்தியச் சட்டம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது, நானும் ஆதரிக்கிறேன். தம்மைக் காக்கச் சட்டம் வேண்டும், நோயாளியைக் காக்க மட்டும் அறமே போதும் என்றால் இது எந்த ஊர் நியாயம்? 1995-இல் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்ற தீர்ப்பை எதிர்த்து வாதாடித் தோற்றவர்களின் குரல்தான் இது. அன்று தொழிலின் தனித்தன்மை என்ற பெயரில் பேசியது, இன்று தமிழ் மரபு என்ற பெயரில் பேசுகிறது. கணக்குக் கேட்காதே என்பதுதான் அன்றும் இன்றும் அதன் உள்ளடக்கம்.

சட்டத்துக்கு எதிராக வலுவான வாதமே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டுரையாளருக்கு அது தட்டுப்படவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினைப் பல உரிமங்களுக்குள் பூட்டிவைத்தது. உரிமம் ஒன்றில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகள் அதைக் கையாளவே மறுத்தன. புற்றுநோயில் கதறிய எத்தனையோ பேருக்குக் கடைசிவரை வலி தீரவில்லை. சட்டம் செய்த பாவம் இது, அதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பாவம் எப்படித் துடைக்கப்பட்டது? 1993-இல் கோழிக்கோட்டில் வேர்விட்ட வலிதணிப்பு இயக்கத்தின் மருத்துவர்கள் சட்டத்தைச் சபித்துவிட்டு ஒதுங்கவில்லை. வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள், நாடாளுமன்றத்தை விடாமல் நச்சரித்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அவர்களும் மருத்துவர்கள்தாம். நோயாளியின் வலி அவர்களைச் சட்டப் புத்தகத்துக்குள் இறங்க வைத்தது. நம் கட்டுரையாளரை அது சட்டத்தை விட்டு ஓட வைக்கிறது.

எனவே அவரிடம் எனக்கு ஒரு கேள்விதான். 2023-ஆம் ஆண்டு ஆணைப்படி முதல்நிலைக் குழுவையும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம்நிலைக் குழுவையும் மருத்துவமனைதான் அமைக்க வேண்டும். அதற்கு எந்த நீதிபதியும் வந்து நிற்கத் தேவையில்லை. குழுவுக்கு மூன்று மருத்துவர்களும் கொஞ்சம் மனமும் போதும். இத்தனை ஆண்டு அனுபவம் பேசும் அவர், தாம் பணிபுரியும் மருத்துவமனையில் அந்தக் குழுக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றனவா, அவற்றின் முன் இதுவரை ஒரு நோயாளியின் விருப்பமாவது வைக்கப்பட்டதா என்பதை அடுத்த இதழில் எழுதட்டும்.